பொத்துவில் பொயின்ட்டில் ஒரு வெள்ளிக்கிழமை: அலையையும் காற்றையும் கணித்த கதை

இந்தப் பக்கத்தில் கேள்வி கேட்பவர்களில் பாதிப்பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "டீச்சர், எந்த நாள் போனால் அலை இருக்கும்?" சென்ற ஜூலையில் அதே கேள்வியை என் கணவர் கேட்டார். மற்றவர்களுக்கு வாரம் ஒன்றைச் சொல்லித் தப்பிக்கலாம். இவருக்கு ஒரு நாளைத்தான் சொல்ல முடியும். கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பவிருந்தார். அடுத்த விடுமுறை பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு.

நான் கிழக்கிலங்கையின் மருதமுனைக்காரி. பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். நான்கு வருடங்களாக அலைச்சறுக்குப் பழகுகிறேன். நான் பழகத் தொடங்கியபோது ஊரில் சிலருக்கு வாய் நீண்டது. அப்போது கட்டாரிலிருந்து கோல் எடுத்து, "அவ பழகட்டும், எனக்குச் சம்மதம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவர் இவர். முதல் பயிற்சிக்குக் காசு அனுப்பியவரும் இவர்தான். ஆனால் நான் பலகையில் எழும்பி நின்றதை இவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல் விடுமுறை டிசம்பரில் வந்தது; அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சேர்ஃபிங்குக்கு ஏற்ற அலை கிடையாது. இரண்டாவது விடுமுறையில் போன நாளில் கடற்காற்று அடித்துக் கெடுத்துவிட்டது. வீடியோ அனுப்பினால், தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது, அது யாரென்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்று கிண்டல் வேறு. எனவே இந்த முறை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நான் போகும் முன் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, அலை எங்கிருந்து வருகிறது என்பது. பொத்துவில் பொயின்ட்டில் கரை மூக்குப்போல் கடலுக்குள் நீண்டிருக்கும். தெற்கிலிருந்து வரும் அலை அந்த மூக்கைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாக வரிசையாக உடையும். அதனால்தான் ஒரே அலையில் நூற்றுக்கணக்கான மீற்றர் போகலாம். இரண்டாவது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலுள்ள நேரம். ஒன்பது செக்கன் என்றால் அக்கம்பக்கத்துக் காற்றில் எழும்பிய சாதாரண அலை. பதினைந்து செக்கன் என்றால் அது தூரத்துத் தென்கடலில் பிறந்து, பலம் சேர்த்துக்கொண்டு வருகிறது. மூன்றாவது காற்று. ஜூலையில் எங்கள் பக்கம் கச்சான் அடிக்கும். அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் சூட்டுக் காற்று. ஊரில் எல்லோரும் அதைத் திட்டுவார்கள், முகம் காய்ந்து உதடு வெடிக்கும். ஆனால் அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிப்பது அந்தக் காற்றுத்தான். அது ஓய்ந்து கடற்காற்று திரும்பினால் கதை முடிந்தது.

புதன்கிழமை இரவு இவருடைய போனில் அலை வரைபடத்தைப் பார்த்தேன். என்னுடைய போன் திரை உடைந்து கடையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலை இடைவெளி ஒன்பதிலிருந்து பதினைந்துக்குப் பாய்ந்தது. காற்று பத்தரை வரைக்கும் கச்சான்தான், அதற்குப் பிறகு திரும்பும். ஒன்பதிலிருந்து பத்தரை, முழுதாக ஒன்றரை மணித்தியாலம். அதன்பின் சாப்பிட்டுவிட்டு இவர் ஜும்மாத் தொழுகைக்குப் போகலாம். வெள்ளியும் சனியும் எங்கள் பாடசாலைக்கு விடுமுறை என்பதால் லீவு போடும் பிரச்சினையும் இல்லை. வெள்ளி என்று சொல்லிவிட்டேன். நிச்சயமா என்று கேட்டார். நான் சொன்னால் அலை வரும் என்றேன். கொஞ்சம் வாய்க்கொழுப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் இருவரையும் உம்மாவிடம் விட்டுவிட்டு, சுபஹ் தொழுது, காலை 5.10க்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும் பாதை. அந்த நேரத்தில் வீதியில் பேக்கரி வண்டிகளும் பள்ளிவாசலிலிருந்து திரும்புகிறவர்களும் மட்டும்தான். 5.50க்கு அக்கரைப்பற்றில் தேநீரும் ரொட்டியும், இருவருக்கும் 340 ரூபாய். அங்கிருந்து திருக்கோவில் தாண்டியதும் வீடுகள் குறைந்து, கோமாரிப் பக்கம் பாதை வெறுமையாகிவிடும். வலது பக்கம் யாரோ குப்பைக்குத் தீ வைத்திருந்தார்கள். புகை கடலை நோக்கிப் படுத்துக்கொண்டு போனது. கச்சான் விழித்துவிட்டது என்று இவருடைய தோளில் தட்டிக் காட்டினேன். 7.05க்கு பொயின்ட்டுக்குப் போகும் மணல் பாதையின் முனையில் நின்றோம். வீட்டிலிருந்து மீற்றர் கணக்கில் 73 கிலோமீற்றர்.

மணல் பாதை புதையும். மோட்டார் சைக்கிளை அதிலுள்ள தென்னைமரங்களின் கீழ் விட்டுவிட்டு, மீதியைப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கடற்கரையில் வள்ளங்கள் எல்லாம் மேலே இழுத்துவைக்கப்பட்டிருந்தன. எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் அன்று வலை, வள்ளம் என்று எதுவும் குறுக்கே வராது. வெள்ளியில் இது ஒரு வசதி. ஆனால் கடலுக்குப் போய்வந்து நிலைமை சொல்வதற்கும் ஆளில்லை என்பதை மறக்கக்கூடாது. பலகைகளை வாடகைக்கு விடும் அஸ்மி தன் கொட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். நாளொன்றுக்கு 2,000 ரூபாய். அவரும் நன்றாகச் சறுக்குவார், முப்பது வயது இருக்கும்.

"இண்டைக்கு ஒண்டும் இல்ல டீச்சர்," என்றார். "நேத்தும் இப்பிடித்தான் கிடந்த."

ஒன்பது மணிக்கு வரும் என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையை எடுத்துத் தந்தார்.

நான் அலையை எண்ணும் முறை எளிது. கரையில் உட்கார்ந்து, ஒரு பாறையைக் குறிவைத்து, ஐந்து நிமிடத்தில் அதில் எத்தனை அலை மோதுகிறது என்று எண்ண வேண்டும். முந்நூறு செக்கனை அந்த எண்ணால் வகுத்தால் இடைவெளி வரும். அன்று இவருடைய விரலில் ஒரு சின்னக் கவுண்டர் இருந்தது. திக்ர் ஓதும்போது எண்ணுவதற்கு மோதிரம்போல் மாட்டிக்கொண்டு அழுத்துவார்களே, அதுதான். கேட்டு வாங்கினேன். அது அலை எண்ணுகிற சாமான் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு கழற்றித் தந்தார். ஐந்து நிமிடம் எண்ணினேன். முப்பத்துமூன்று.

"தஸ்பீஹ் கணக்கு சரியா வந்திரிக்கி," என்றார் இவர். "அலைதான் வரல்ல."

தொழுதபின் ஓதும் தஸ்பீஹும் முப்பத்துமூன்று தடவைதான், சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. முப்பத்துமூன்று என்றால் ஒன்பது செக்கன், அதாவது நேற்றைய பழைய அலை. எண்ணிக்கை குறையக் குறையத்தான் நல்லது என்று விளக்கினேன். அலை குறைந்தால் நல்லது என்று சொல்லும் முதல் ஆள் நீதான் என்றார். அறுகம்பையிலிருந்து முச்சக்கரவண்டிகளில் வந்த வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் முழங்கால் உயர அலையில் சிறிது நேரம் விளையாடினார்கள். ஒன்பது மணியானது. முப்பத்திரண்டு. ஒன்பதரை. மறுபடியும் முப்பத்துமூன்று. வெள்ளைக்காரர்கள் பலகைகளை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அஸ்மி கொட்டிலில் படுத்துவிட்டார். இவர் கிண்டலை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிண்டல் பண்ணினால் திருப்பிக் கொடுக்கலாமே. இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தேன்.

வரைபடத்தை இன்னொரு தடவை காட்டுங்கள் என்று போனை வாங்கினேன். அலை ஒன்பதுக்கு, காற்று பத்தரைக்கு. எல்லாம் நான் பார்த்தபடியேதான் இருந்தது. அப்போதுதான் திரையின் மேல் மூலையில் கண் போனது. போனில் நேரம் 7.10. என் கையிலிருந்த கடிகாரத்தில் 9.40.

வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். இவர் போனை ஊர் நேரத்துக்கு மாற்றுவதே இல்லை. வேலைத்தளத்து ஆட்கள் முறைமாற்றம், சம்பளச் சீட்டு என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதால் லீவு முழுக்கக் கட்டார் நேரத்திலேயே வைத்திருப்பார். நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவருடைய போன் அடிப்பதில்லை என்று நானே எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அந்த ஆப் போனிலுள்ள நேரத்தைத்தான் காட்டும். வகுப்பில் நேர வலயம் படிப்பிக்கிற டீச்சர், புருசனின் போனில் கட்டார் நேரத்தைப் பார்த்து அலைக்கு நேரம் குறித்திருக்கிறாள். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

வெட்கம் ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் கணக்குப் போட்டேன். இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டினால் அலை வருவது பதினொன்றரைக்கு. காற்றுக்கும் அதே கணக்குத்தான், எனவே கச்சான் ஒரு மணி வரை நிற்கும். அதாவது நான் பிழையாகப் பார்த்தது மணியை மட்டும்தான், நாள் சரிதான். மகிழ்ச்சியில் இவருடைய முதுகில் ஒரு அறை விட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றது மண்டையில் ஏறியது. பன்னிரண்டேகாலுக்கு ஜும்மா.

ஜும்மாவை விடச் சொல்ல நான் நினைக்கவுமில்லை, அவர் விடப்போவதுமில்லை. பொத்துவில் நகரம் அங்கிருந்து ஆறு கிலோமீற்றர். பயான் பிரசங்கமும் தொழுகையும் முடியப் பன்னிரண்டு ஐம்பது ஆகும், திரும்பி வந்து மணலில் நடந்து சேர ஒன்றேகால். கச்சான் ஒரு மணிக்கு ஓய்ந்தால் கால் மணித்தியாலத்தால் தவறிவிடும். பதினொன்றரைக்கு எண்ணினேன், இருபத்தாறு. அலை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டிய ஆள் கைகால் கழுவிக்கொண்டு தொப்பியை எடுத்தார். கவுண்டரை நீட்டினேன். வாங்கி விரலில் மாட்டிக்கொண்டார்.

"தொழுது சலாம் குடுத்த கையோட வந்துருவன்," என்றார். "கொஞ்சம் பிடிச்சு வை."

அலையைப் பிடித்துவைக்க அது என்ன ஆட்டுக்குட்டியா என்று கேட்டேன். பதினொன்று நாற்பதுக்குப் போய்விட்டார். அஸ்மியும் கொட்டிலைச் சாத்திவிட்டு இன்னும் இரண்டு பேரோடு கிளம்பினார். கடலை ஒரு தடவை திரும்பிப் பார்த்து நின்றார். அந்தப் பார்வையில் நான் சொன்னது சரி என்பது தெரிந்தது.

"ஜும்மாக்குப் போய்ட்டு வாறம். அதுவரைக்கும் பொயின்ட் உங்கட," என்றார்.

பன்னிரண்டு மணிக்கு விரல் மடக்கி எண்ணினேன், இருபது. பதினைந்து செக்கன். இப்போது மூக்கைச் சுற்றி வந்த அலைகள் நெஞ்சளவு உயரத்தில், ஒரே ஒழுங்கில், ஒன்றன்பின் ஒன்றாக வளைந்துகொண்டிருந்தன. முழுக்கை உடையும் தலைமூடியுமாக நான் பன்னிரண்டே ஐந்துக்கு நீரில் இறங்கினேன். ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும்: தனியாக இறங்குவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். எனக்கு அந்த இடத்து நீரோட்டம் தெரியும், அடி மணல், அலையும் என் அளவு. அப்படியிருந்தும் வீட்டில் உம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை மாதத்தில் பொத்துவில் பொயின்ட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள். வெள்ளைக்காரர்கள் நம்பிக்கை இழந்து போய்விட்டார்கள், எங்கள் ஆட்கள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அலை மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் எடுக்கவில்லை. அவர் வரும்வரை பிடித்து வைப்பது என்று முடிவு. களைத்துப் போனால் கடைசியில் எழும்ப முடியாது. ஒவ்வொரு கூட்டமாக வந்த அலைகளை என் அடியால் போகவிட்டேன். அவை கரையோரமாக நெடுந்தூரம் உடைந்துகொண்டே போவதை முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அலைச்சறுக்குக்காரிக்கு இதைவிடப் பெரிய பொறுமைச் சோதனை கிடையாது. முதுகில் கச்சான் அனல்போல் அடித்தது. அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும் என்று அதைக் கெஞ்சினேன்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கக் கச்சான் தடுமாறியது. கரையில் தென்னோலைகள் அதுவரை கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தவை, அப்படியே தொங்கிவிட்டன. இது எனக்கு நன்றாகத் தெரிந்த அடையாளம். ஓலை தொங்கினால் ஐந்து, ஆறு நிமிடம் காற்றே இருக்காது. அதன்பிறகு கடற்காற்று திரும்பும். கரையைப் பார்த்தேன், யாருமில்லை. மணி ஒன்று நாலு. வெளியே ஒரு கூட்டம் எழும்பியது. முதல் அலையை விட்டேன். இரண்டாவதையும் விட்டேன். மூன்றாவது வந்தபோது கரையை இன்னொரு தடவை பார்த்தேன். அவர் இல்லை. இதை விட்டால் இனி எவருக்கும் இல்லை என்று தெரிந்தது. திரும்பிக் கைகளால் தண்ணீரை வலித்தேன்.

நான்கு வருடங்களில் எனக்குக் கிடைத்த ஆக நீளமான அலை அது. எழும்பி நின்றதும் முன்னால் அலையின் சுவர் கண்ணாடியாகத் திறந்துகொண்டே போனது. பாறைகளைக் கடந்தேன், வள்ளங்களைக் கடந்தேன், அஸ்மியின் கொட்டிலையும் கடந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன் என்பது வாய்க்குள் உப்புத்தண்ணீர் போனபோதுதான் தெரிந்தது. அலை கரையில் கரைந்தபோது மணலில் குதித்து நின்றேன். அந்தச் சந்தோசம் சரியாக மூன்று மூச்சுக்கு இருந்தது. பிறகு சுற்றிப் பார்த்தேன். வெறும் கடற்கரை. அழுகை வந்தது. கொஞ்சம் அழுதேன்.

கரையோரமாக ஓடி மறுபடியும் இறங்கி, பொயின்ட்டை அடைந்தபோது கடற்காற்று முகத்தில் அடித்தது. ஒன்று பதினைந்துக்கு இவர் கரையில் நடந்துவருவது தெரிந்தது. தலையில் தொப்பி, கையில் செருப்பு, சாரனை மடித்துக் கட்டியிருந்தார். எனக்கு யார்மீது கோபம் என்றே தெரியவில்லை. கலங்கிக் குழம்பிய கடலில் ஓர் அலையில் எழும்பிப் பத்து மீற்றர் போனேன். இன்னொன்றில் எழும்பிய வேகத்திலேயே தலைகுப்புற விழுந்தேன். கரையேறியதும் கச்சானையும் கட்டாரையும் அவருடைய போனையும் ஒன்றுவிடாமல் ஏசினேன். நல்லது போய்விட்டது, நீங்கள் பார்த்தது குப்பை, இதைப் பார்க்கவா 73 கிலோமீற்றர் வந்தது என்றெல்லாம் கதைத்தேன். அவர் துவாயைத் தந்தார். ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அஸ்மி வந்து கொட்டிலைத் திறந்து தர, ளுஹர் தொழுதேன். பொத்துவிலில் சோறும் மீன்கறியும், இருவருக்கும் 900 ரூபாய். மூன்று மணிக்குத் திரும்பப் புறப்பட்டோம். கோமாரி தாண்டி ஒரு மரநிழலில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். போத்தலை நீட்டியபோது விரலில் கவுண்டர் இருந்தது. தொழுத பிறகு ஓதியது முப்பத்துமூன்று காட்டும் என்றுதான் சும்மா எட்டிப் பார்த்தேன். அதில் மூன்று என்றிருந்தது.

"இது என்ன மூணு?"

"நீ எழும்பின கணக்கு."

"ரெண்டுதானே பாத்தீங்க?"

"மூணு புள்ள. மொதலாவது, நான் தென்னமரத்தடியில சைக்கிள விடக்குள்ள. பாறையில இருந்து கொட்டில் வரைக்கும் போனாயே, அது. கடல்ல வேற ஒருத்தரும் இல்ல. ஆள மாறி எண்ண வழியும் இல்ல."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ ஏசி முடியட்டும் என்று பார்த்தேன், பிறகு நீ நிறுத்தவே இல்லை என்றார். ஹெல்மட்டைப் போட்டு அதன் முகக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அக்கரைப்பற்று வரைக்கும் ஏற்றவில்லை.

போகப்போகிறவர்களுக்கு: போக வர 146 கிலோமீற்றர், மூன்றரை லீற்றர் பெற்றோல், 1,100 ரூபாய் சொச்சம். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை போகலாம். கச்சான் பலமாக அடிக்கும் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் எனக்குப் பிடித்த மாதங்கள். காலையில் கடல் குளம்போல் கிடக்கிறது என்று உடனே திரும்பாதீர்கள், ஐந்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் காத்திருங்கள். தென்னோலை தொங்கினால் யோசிக்காதீர்கள், அடுத்த அலையிலேயே எழும்புங்கள். யாருடைய போனில் பார்த்தாலும் முதலில் அதன் மணியைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், கடலில் கூட்டமே இருக்காது.

இவர் ஞாயிறு காலை போய்விட்டார். அலை எண்ண உதவும் என்று கவுண்டரை என்னிடம் கழற்றித் தந்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு நான்கு தடவை பொத்துவிலுக்குப் போனேன், நான்கு தடவையும் பையில் கொண்டுபோனேன். எண்ணத் தொடங்குவதென்றால் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதில் இன்னும் மூன்று என்றுதான் இருக்கிறது. அலைகளை நான் விரல் மடக்கித்தான் எண்ணுகிறேன்.